அவசரமே இல்லை, மேடம்

"கிட்டாரோட சுருதிக் கீ கழண்டு விழுந்துடுச்சு, மேடம்" என்றபடி அந்தச் சுருட்டைமுடிக்காரன் உள்ளே நுழைந்தபோது, ஆவிக்காரரின் கையிலிருந்த பலகை படக்கென்று முறிந்தது.

அந்த மாதத்தில் அவன் வருவது மூன்றாவது தடவை. பலகை முறிவதும் மூன்றாவது தடவை.

ஆவிக்காரர் என்றால் பேயோட்டுகிறவர் இல்லை. அது ஒரு கிட்டார் பட்டறை. மெல்லிய பலகையை ஈரப்படுத்தி, ஆவி பறக்கும் சூட்டுக்குழாயின் மேல் அழுத்தி, கிட்டாருக்கு இடுப்பு வளைவைக் கொண்டுவருவது அவருடைய வேலை. பன்னிரண்டு வருஷமாக வளைக்கிறார். எந்த மரம் எப்போது வளையும், எப்போது முறியும் என்பது அவருடைய விரலுக்குத் தெரியும். வீட்டு விஷயத்தில் மட்டும் அந்த விரல் வேலை செய்வதில்லை.

அவர் மனைவியைப் பட்டறையில் எல்லோரும் 'காதம்மா' என்பார்கள். கடைசி மேஜை அவளுடையது. கம்பி பூட்டி, சுருதி சேர்த்து, பெட்டியைத் தட்டி, காதை ஒட்டி வைத்துக் கேட்டு, அவள் 'சரி' என்று சொன்னால்தான் ஒரு கிட்டார் வாசலைத் தாண்டும்.

சூட்டுக்குழாய்க்கும் அந்த மேஜைக்கும் நடுவே இருபது தப்படி தூரம். இடையில் ரம்பம் ஒன்று, உப்புத்தாள் மெஷின் ஒன்று. அதனால் அங்கே நடப்பது ஆவிக்காரருக்குத் தெரியும், கேட்காது. சுருட்டை எதையோ சொல்ல, இவள் சிரித்தாள். இவள் எதையோ சொல்ல, அவன் நெஞ்சில் கைவைத்துத் தலையாட்டினான். அரை நிமிஷம் பார்த்தவருக்கு மூன்று மணி நேரப் படம் பார்த்த மாதிரி இருந்தது.

அவன் போனதும், பழைய அட்டைகளில் கிட்டார்களைக் கட்டி அனுப்பும் பெட்டிக்காரம்மா இந்தப் பக்கம் வந்தாள். அவளுக்கு நாற்காலி காதம்மாவின் மேஜைக்குப் பக்கத்தில்.

"என்னக்கா சொன்னான் அவன்?"

"'அவசரமே இல்லை, மேடம். நிதானமா பாருங்க'ன்னாரு."

"அதுக்கு இவ?"

"'மரம் புதுக் கம்பிக்குப் பழகணும், ஒரு வாரம் ஆகும்'னா. அதைக் கேட்டதும் அந்த மனுஷன் முகத்தைப் பார்க்கணுமே தம்பி! பரிசுச் சீட்டு விழுந்த மாதிரி பூரிச்சுப் போயிட்டாரு."

ஆவிக்காரர் முறிந்த பலகையைப் பார்த்தபடி நின்றார். பழுது பார்க்கக் கொடுக்கிற எவனும் 'எப்ப கிடைக்கும்?' என்றுதான் கேட்பான். கடிகாரமோ, செருப்போ, காரோ, எதுவானாலும் அதுதான் உலக வழக்கம். 'அவசரமே இல்லை' என்கிறவனுக்கு வேறு எதிலோ அவசரம் இருக்கிறது.

அன்று சாயங்காலம் வீட்டில் துணி மடித்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினார்.

"அந்தச் சுருட்டை நல்லா வாசிப்பானா?"

"யாரு? ஓ, அவரா? தெரியலைங்க. 'என்ன வாசிப்பீங்க'ன்னு கேட்டேன். 'எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்'னு மழுப்பிட்டாரு. ஆனா பாவம், ரொம்பத் தங்கமான மனுஷன்."

"எதை வச்சுத் தங்கம்கிற?"

"என் கை பொறுமையான கைன்னு சொன்னாரு. இந்தப் பன்னிரண்டு வருஷத்துல யாராவது அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்காங்களா?"

அந்த 'யாராவது' யார் என்று ஆவிக்காரருக்குப் புரிந்தது. கையிலிருந்த சட்டை நான்காக மடிவதற்குப் பதில் எட்டாக மடிந்தது.

பட்டறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் இருக்கும்: 'தூக்கிப் போடாதீர்கள், கொண்டு வாருங்கள்.' இடித்த வீடுகளின் கதவு, உடைந்த கட்டில், பள்ளிக்கூடங்கள் கழித்த பெஞ்சு, சரக்குப் பெட்டி, இவைதான் அங்கே மரம். புதிதாக ஒரு மரத்தையும் வெட்டுவதில்லை. 'மரத்தையும் வெட்டாது, மணிபர்ஸையும் வெட்டாது' என்பது முதலாளியம்மாவின் விளம்பரம். விற்ற கிட்டாருக்கு ஐந்து வருஷம் பழுது பார்ப்பதும் இலவசம். இத்தனை நாளாக அந்த வாசகத்தைப் பெருமையாகப் பார்த்து வந்த ஆவிக்காரருக்கு, இப்போது அது தன் வீட்டு வாசலில் யாரோ வைத்த வரவேற்புப் பலகை மாதிரி தெரிந்தது.

ஒரே வழிதான். கிட்டார் அவள் மேஜைக்குப் போகவே கூடாது.

பத்து நாள் கழித்துச் சுருட்டை வந்தபோது, ஆவிக்காரர் வாசலிலேயே மடக்கினார்.

"குடுங்க. என்ன ஆச்சு?"

"ப்ரிட்ஜ் பேந்துடுச்சு சார். மேடம் இல்லையா?"

"மேடத்துக்கு வேலை இருக்கு. உட்காருங்க. ஒரு மணி நேரத்துல கையோட எடுத்துட்டுப் போகலாம்."

சுருட்டையின் முகம் தொங்கிப் போயிற்று. "ஒரு மணி நேரத்துலயா? இன்னிக்கேவா?"

"இன்னிக்கே."

"வேண்டாமே சார். உங்களுக்கு எதுக்குச் சிரமம்? அவங்க பார்த்தாத்தான் எனக்குத் திருப்தி."

ஆவிக்காரர் கம்பிகளைத் தாங்கும் அந்தக் கட்டையைச் சுரண்டி, சீக்கிரம் காயும் பசையைத் தடவி, க்ளாம்ப் போட்டு முறுக்கினார். க்ளாம்ப்பில் கட்டை இருந்தது. மனதுக்குள் சுருட்டையின் கழுத்து இருந்தது. அந்த ஒரு மணி நேரமும் சுருட்டை பெஞ்சில் உட்கார்ந்து, டாக்டர் என்ன சொல்வாரோ என்று காத்திருக்கிறவன் போலக் கையைப் பிசைந்தான். கிட்டாரைக் கையில் கொடுத்ததும், கடைசி மேஜைப் பக்கம் ஏக்கமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான்.

'பார்த்தியா, பார்த்தியா' என்று ஆவிக்காரருடைய மனது கைகொட்டியது.

மூன்றே நாளில் திரும்பி வந்தான். கிட்டாரைச் சாய்த்தால் களக் களக் என்று தண்ணீர்ச் சத்தம்.

"ஜன்னல் ஓரமா வச்சிருந்தேன் சார். சாரல் அடிச்சிடுச்சு."

"சாரலா? அரை வாளி தண்ணி இருக்கு உள்ள!"

"பெரிய சாரல் சார்."

சூட்டுக்குழாயின் பக்கத்தில் வைத்து, துணி திணித்து, இரண்டு மணி நேரத்தில் காயவைத்துக் கொடுத்தார். இரண்டாம் நாள் மறுபடி வந்தான். இந்தத் தடவை முன்பலகையில் சின்னதாய், உருண்டையாய், கச்சிதமாய் ஓர் ஓட்டை.

ஆவிக்காரர் விரலை விட்டுப் பார்த்தார். "இது பொம்பளைங்க போடற ஹீல் செருப்பால மிதிச்ச மாதிரி இருக்கே?"

சுருட்டை எச்சிலை விழுங்கினான். "அப்படியா சார் தெரியுது?"

'ஓஹோ, இன்னொருத்தி வேற இருக்காளா!' ஆவிக்காரருக்குத் தன் மனைவியின் சார்பிலும் சேர்த்துக் கோபம் வந்தது. உட்புறம் ஒட்டுப் போட்டு, வெளியே மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, தேய்த்து, எண்ணெய் தடவி மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார்.

மறுநாளே வந்தான். கழுத்து முழுக்கப் பல் தடம்.

"உங்க வீட்டுல நாய் இருக்கா?"

"எங்க வீட்டுல இல்லை சார். எதிர்வீட்டுல."

"எதிர்வீட்டு நாய் உங்க கிட்டாரை எதுக்குக் கடிக்குது?"

"அதுக்கும் காது இருக்குல்ல சார்" என்றான் சுருட்டை. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "மேடத்துகிட்ட ஒரே ஒரு தடவை குடுத்துப் பார்க்கலாமே? கெஞ்சிக் கேக்கறேன்" என்றான்.

அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் முட்டி நின்றது. ஆவிக்காரருக்கு உச்சந்தலை சூடானது. எவ்வளவு முற்றிப் போயிருந்தால் ஒருவன் கணவனிடமே வந்து கெஞ்சுவான்!

"தம்பி" என்றாள் பெட்டிக்காரம்மா, அவன் போன பிறகு. "உன் வீட்டுக்காரி பார்த்தப்ப பத்து நாளைக்கு ஒரு தடவை வந்தாரு. நீ பார்க்க ஆரம்பிச்சதும் நித்தம் வராரு. நீ கதவைச் சாத்தச் சாத்த அவரு சாவியோட வராரு போலிருக்கே."

வெந்த புண்ணில் வேல் என்பது இதுதான்.

அதற்குள் வேறு சேதமும் சேர்ந்துவிட்டது. கண் வாசலிலும் கை குழாயிலும் இருந்ததால், ஒரே வாரத்தில் ஆறு பலகைகள் கருகின. இரண்டு பலகைகள் தலைகீழாக வளைந்து, கிட்டாருக்கும் ஆகாமல் கூடைக்கும் ஆகாமல் நின்றன. காதம்மா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். "என் மேஜைக்கு வர வேண்டியதை நீங்க ஏன் வாசல்லயே பிடுங்கறீங்க? என் வேலைமேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டதற்கு, "நம்பிக்கை உன் மேல இல்லாம இல்ல" என்று இவர் இழுத்தார். அந்த வாக்கியம் எப்படி வளைத்தாலும் நேராகவில்லை.

புதன்கிழமை முதலாளியம்மா இருவரையும் கூப்பிட்டாள். மேஜைமேல் பழுது நோட்டு விரிந்து கிடந்தது.

"ஒரே கிட்டார் ஒன்பது தடவை திரும்பி வந்திருக்கு. நம்ம கிட்டார் மலிவுன்னு பேர் வாங்கியிருக்கு, மட்டம்னு வாங்கினதில்லை. கடைசி மேஜையில சரியாப் பார்க்கலைன்னுதானே இதுக்கு அர்த்தம்?" அவள் காதம்மாவைப் பார்த்தாள். "எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு. அடுத்த மாசத்துலேருந்து நீங்க உப்புத்தாள் போடற இடத்துக்குப் போயிடுங்க. கொஞ்ச நாளைக்கு."

காதம்மா கம்பி பூட்டிப் பூட்டிக் காய்த்துப்போன விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "கடைசி ஆறு தடவை அதை நான் தொடவே இல்லை, மேடம்."

கணவன் பக்கம் அவள் திரும்பவில்லை. திரும்பியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஆவிக்காரருக்கு இருந்தது. 'எனக்குப் பொறாமை மேடம், அதனாலதான்' என்று ஒரு வரி சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் பொறாமைக்காரன் திருடனைப் போல. எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்வான், அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டான்.

"மேடம்" என்றார். "தப்பு என்னோடது. அவசர அவசரமா ஒட்டுப் போட்டுக் குடுத்துட்டேன். அந்தக் கிட்டாரை வாங்கி வச்சுக்கிட்டு, நானே புதுசா ஒண்ணு செஞ்சு குடுக்கறேன். உடையவே உடையாதது. அது திரும்பி வந்தா நான் உப்புத்தாள் போடப் போறேன். இவ மேஜையை விட்டுடுங்க."

முதலாளியம்மா யோசித்தாள். "எத்தனை நாள்?"

"பத்து."

சுருட்டைக்குப் போன் செய்து, பழைய கிட்டாரைக் கொண்டுவந்து போடச் சொன்னார். புதியது கிடைக்கப் பத்து நாள் ஆகும் என்றார்.

"பத்து நாளா சார்? முழுசா பத்து நாளா? இருபதுகூட எடுத்துக்குங்க சார். நல்ல வேலைக்கு அவசரம் கூடாது."

'பத்து நாளும் இங்கேயே வந்து டேரா போடலாம்னு பார்க்கிறான்' என்று பல்லைக் கடித்தார் ஆவிக்காரர். ஆனால் ஓடிவந்து பழையதைப் போட்டுவிட்டுப் போனவன், அதன்பின் ஒரு நாள்கூட அந்தப் பக்கம் தலை காட்டவில்லை. குட்டு உடைந்தது தெரிந்து பதுங்கிவிட்டான் என்று இவர் முடிவு செய்தார்.

பட்டறைக்குப் பின்னால் கிடந்த மரக் குவியலில் அரை நாள் தேடினார். முப்பது வருஷம் பிள்ளைகள் உட்கார்ந்தும் அசையாத பள்ளிக்கூட பெஞ்சு ஒன்றைப் பின்பலகைக்கு எடுத்தார். பக்கங்களுக்கு ஒரு பழைய கதவு. இரண்டு நாள் ஆணிகளைப் பிடுங்கி, அறுத்து, இழைப்புளியால் இழைத்து, ஊறவைத்து, சூட்டுக்குழாயில் வைத்தார். வாசலில் சுருட்டை இல்லாததால் மரம் சொன்னபடி கேட்டது. ஒரு கருகல் இல்லை. அச்சுக்குள் வைத்துக் காயவிட்டார். முன்பலகையின் உட்புறம் தாங்கு குச்சிகளை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஒட்டினார். கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி போதும், இரண்டு வைத்தார்.

பின்பலகையை ஒட்டி மூடுவதற்கு முன்னால், தயங்கித் தயங்கி, கடைசி மேஜைக்குக் கொண்டுபோனார்.

காதம்மா முன்பலகையைத் தட்டினாள். டொப்.

"இது கிட்டார் இல்லைங்க" என்றாள். "அலமாரி."

எட்டு நாளைக்குப் பிறகு அவரோடு பேசிய முதல் வார்த்தை அது. ஆவிக்காரருக்கு அதுவே சங்கீதமாக இருந்தது.

அவள் குச்சிகளின்மேல் பென்சிலால் குறி போட்டாள். "இங்க செதுக்குங்க. இங்க வேண்டாம். போதும், போதும், கேளுங்க." அவர் செதுக்க, அவள் தட்டினாள். அவள் தட்ட, அவர் குனிந்தார். இரண்டு பேருடைய தலையும் ஒரே பலகையில் இடித்துக்கொண்டன. பலம் குறையாமல் மரம் கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறந்தது.

"யாருக்குங்க இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்யறீங்க?"

"அந்தச் சுருட்டைக்குத்தான்."

"அவர் மேல உங்களுக்கு அப்படி என்ன பாசம்?" அவள் குரலில் ஒரு கீறல் இருந்தது. "நான் ஒரு ஸ்டூல் கேட்டு நாலு வருஷம் ஆச்சு. இங்க குனிஞ்சு குனிஞ்சு என் இடுப்பு போகுது. பேர் தெரியாத ஆளுக்குப் பத்து நாள்ல கிட்டாரா?"

பொறாமை! ஆவிக்காரருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அன்றைக்கு மத்தியானமே ஒரு ஸ்டூல் செய்து முடித்தார்.

பத்தாம் நாள், எண்ணெய் காய்ந்த கிட்டாரில் அவள் கம்பி பூட்டிச் சுருதி சேர்த்து ஒரு மீட்டு மீட்டினாள். ரம்பம் ஓட்டுகிறவர் ரம்பத்தை நிறுத்தினார். பெட்டிக்காரம்மா கத்தரிக்கோலைக் கீழே போட்டாள். முதலாளியம்மா அறையை விட்டே வெளியே வந்துவிட்டாள்.

"மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேக்கும் போலிருக்கே!"

ஆவிக்காரர் அதைத் தலைக்குமேல் தூக்கி, மரத்தூள் மூட்டையின்மேல் தொப்பென்று போட்டார். பிறகு வெறும் தரையிலும் போட்டார். எடுத்து மீட்டினார். சுருதிகூட அசையவில்லை.

"காது மேல ஒரு குறையும் இல்லை" என்றாள் முதலாளியம்மா. "அந்தம்மா அந்த மேஜையிலயே இருக்கட்டும்."

சனிக்கிழமை காலை, சுருட்டைக்குச் சொல்லாமல், பழுது நோட்டில் இருந்த முகவரிக்கு ஆவிக்காரரே கிளம்பினார். அவன் வந்து வாங்கிக்கொள்வதற்கு ஒரு காரணம்கூட மிச்சம் வைக்கக் கூடாது.

தரைத்தளத்தோடு சேர்த்து நான்கு தளக் கட்டடம். தளத்துக்கு இரண்டு வீடு. இவர் படியேறும்போது, முதல் மாடியில் பேசிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் தோளிலிருந்த கிட்டார் உறையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். இரண்டாம் மாடியில் ஒரு கதவு திறந்து, பார்த்து, மூடிக்கொண்டது. கிட்டாருக்கு இந்தக் காலத்திலும் இருக்கிற மரியாதையை நினைத்து ஆவிக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார்.

மூன்றாம் மாடியில் சுருட்டைதான் கதவைத் திறந்தான். திறந்தவனுடைய முகம் வெளிறிப் போனது.

"அதுக்குள்ளயா? இருபது நாள் எடுத்துக்கச் சொன்னேனே சார்!"

"புடிங்க" என்றார் ஆவிக்காரர். பத்து நாளாக ஒத்திகை பார்த்த வசனம் தங்கு தடையில்லாமல் வந்தது. "கீழே போட்டாலும் உடையாது. மிதிச்சாலும் உடையாது. நாய் கடிச்சா நாய்க்குத்தான் பல் போகும். இனிமே எங்க பட்டறைப் பக்கம் நீங்க வரவே வேண்டாம். புரியுதா? வரவே வேண்டாம்!"

சுருட்டை செருப்பு வைக்கும் பலகையின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"உடையவே உடையாதா சார்? வழியே இல்லையா?"

"இல்லை."

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "யாருங்க அது? கிட்டாரா? வந்துடுச்சா?" குரலைத் தொடர்ந்து ஓர் அம்மாள் ஓடிவந்தாள். உறையைப் பிரித்துப் பார்த்தாள். கண்கள் விரிந்தன. "புதுசு!" என்று குழந்தையைப் போல வாரி அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

'வீட்டுல இப்படி ஒரு பெண்டாட்டி இருக்கும்போதா அந்தப் பார்வை பார்த்தான்!' என்று ஆவிக்காரருக்குத் தோன்றியது. ஆனாலும் தோற்றவனை மிதிப்பது அழகல்ல. சுருட்டையின் தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் படியிறங்கினார். இரண்டு மாதமாக நெஞ்சில் இருந்த பாரம் ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு கிலோவாகக் குறைந்தது.

கீழ்ப்படிக்கு வந்தபோது மேலே கிட்டார் முழங்கியது. சுவர்கள் அதிர்ந்தன. அதோடு சேர்ந்து, சுருதி இருக்கும் திசைக்கே போகாத ஒரு குரலும் புறப்பட்டது. கட்டடத்தில் படபடவென்று ஜன்னல்கள் சாத்தப்பட்டன.

தரைத்தளத்து வீட்டிலிருந்து ஒரு பெரியவர் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டே வெளியே வந்து, ஆவிக்காரரின் வழியை மறித்தார்.

"மேல அந்தக் கிட்டாரைக் கொண்டுவந்து குடுத்தது நீங்கதானா?"

"ஆமாங்க. நானே என் கையால செஞ்சது" என்றார் ஆவிக்காரர் பெருமையாக. "உடையவே உடையாது."

பெரியவர் தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னார்:

"அடப்பாவி மனுஷா! உங்க பட்டறையில ஒரு வாரம் வச்சிருந்து குடுக்கிற மகராசி ஒருத்தி இருக்காங்கன்னுதானே, நாங்க மத்த ஏழு வீட்டுக்காரங்களும் முறை வச்சு அந்தம்மா கிட்டாரை உடைச்சு, அவங்க புருஷன்கிட்டயே குடுத்தனுப்பிட்டிருந்தோம்!"